கரிசல் வெயிலும் ஒளிபுகு மின்கலமும்

ஒளிபுகு சூரிய மின்கலம் என்பது தன்மேல் விழும் வெயிலில் ஒரு பங்கை மின்சாரமாக்கிக்கொண்டு மறு பங்கை உள்ளே விடும் கண்ணாடி. மொட்டை மாடியில் நிறுத்தும் சோலார் பேனலுக்கு வெளிச்சம் விடும் வேலை கிடையாது. விழுந்ததை எல்லாம் விழுங்கிக்கொள்வதுதான் அதற்கு அழகு. ஒளிபுகு மின்கலமோ ஒரே வெயிலைக் கம்பிக்கும் கண்ணுக்கும் பங்கு வைக்க வேண்டியது. ஒரு பக்கம் கூடினால் மறு பக்கம் குறையும். கட்டடத்தின் சன்னல், கண்ணாடி முகப்பு, வெளிச்சக் கூரை ஆகியவற்றில் எப்படியும் கண்ணாடிக்குச் செலவு செய்கிறோம். அந்தக் கண்ணாடியே மின்சாரமும் தந்துவிட்டால் பேனலுக்குத் தனி இடம் தேட வேண்டாம் என்பதுதான் இதன் பின்னுள்ள எண்ணம்.

அந்த எண்ணம் வளர்ந்த நாடுகளில் பெரும்பாலானவை வெயில் சாய்ந்து விழும் நாடுகள். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், புதியம்புத்தூர் எனத் தூத்துக்குடிக் கடற்கரையை நோக்கி இறங்கும் கரிசல் வெளியில் வெயில் உச்சந்தலையில் விழுகிறது. மின்கலக் கண்ணாடியை எங்கே பதிப்பது என்ற கேள்விக்கு இந்த மண்ணில் கிடைக்கும் விடை வேறு.

வெயிலைப் பங்கு வைக்கும் வழிகள்

தரைக்கு வந்து சேரும் வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். நாற்பது விழுக்காட்டுக்குச் சற்று மேல் கண் காணும் ஒளி. மிஞ்சும் சில விழுக்காடு புற ஊதா. மனிதக் கண் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களைத்தான் உணரும். அதிலும் 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சையில்தான் அதற்குக் கூர்மை அதிகம். சிலிக்கான் 1,100 நானோமீட்டர் வரை வரும் எல்லாக் கதிரையும் உறிஞ்சிவிடும். அது இருண்டு தெரிவதற்கும் அதன் வழியே எதுவும் தெரியாததற்கும் இதுவே காரணம்.

ஒளியை விட முதல் வழி, உறிஞ்சும் பொருளைக் குறைப்பது. படிக சிலிக்கான் வில்லைகளை இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒட்டலாம். வில்லை இருக்கும் இடம் நிழல், இல்லாத இடம் வெளிச்சம். 2006இல் திறக்கப்பட்ட பெர்லின் தலைமை ரயில் நிலையத்தின் கண்ணாடிக் கூரையில் சிலிக்கான் கலங்கள் இப்படித்தான் பதிக்கப்பட்டன. இந்தியாவில் ஹரியானா மாநிலப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமைக்காகப் பஞ்ச்குலாவில் கட்டப்பட்ட அட்சய் ஊர்ஜா பவனில், நடுமுற்றத்துக்கு மேல் வந்த கூரையே மின்கலக் கண்ணாடி. முற்றத்தில் வெளிச்சம் விழுகிறது, வெயில் மட்டுப்படுகிறது.

இன்னொரு முறை, கண்ணாடியின் மேல் மெல்லிய படலமாகப் பூசிய மின்கலத்தை லேசரால் கோடு கோடாகச் சுரண்டி எடுப்பது. கோடுகள் நுணுக்கமாக இருப்பதால் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் சாயம் பூசிய கண்ணாடி போலத்தான் தெரியும். இதற்கு முதலில் உதவியது வடிவமற்ற சிலிக்கான். அமெரிக்காவின் ஆர்சிஏ ஆய்வகத்தில் கார்ல்சனும் ரான்ஸ்கியும் 1976இல் செய்து காட்டிய முதல் கலத்தின் திறன் வெறும் 2.4 விழுக்காடு. பின்னாளில் காட்மியம் டெல்லூரைடு அந்த இடத்துக்கு வந்தது. வடிவமற்ற சிலிக்கான் பூசி, 20 விழுக்காடு ஒளி விடும்படி சுரண்டிய கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 முதல் 40 வாட் வரை தரும். காட்மியம் டெல்லூரைடில் அது 100 வாட்டைத் தாண்டும்.

இந்த முதல் வழியில் மாயம் எதுவும் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பாதி ஒளியை விட வேண்டுமானால் பாதி மின்சாரத்தை இழக்க வேண்டும், அவ்வளவுதான். பத்துச் சதுர மீட்டர் கூரையில் பாதிக்குச் சாதாரணப் பேனலும் பாதிக்கு வெறும் கண்ணாடியும் போட்டாலும் கணக்கு ஏறத்தாழ அதே இடத்துக்குத்தான் வரும். பேனல் சற்றே முந்தக்கூட முந்தும். வெளிச்சம் திட்டுத் திட்டாக விழாமல் பரவலாக விழ வேண்டிய இடத்தில்தான் சுரண்டிய கண்ணாடிக்குப் பொருள் உண்டு.

இரண்டாம் வழி நுட்பமானது. கண் காணாத கதிரை மட்டும் பிடித்துக்கொண்டு, கண் காணும் கதிரைத் தொடாமல் விட்டுவிடுவது. வெயிலின் பாதி அகச்சிவப்பு என்பதால் இங்கே இடம் தாராளம். ஓர் அடுக்கு மட்டுமே உள்ள எந்தச் சூரிய மின்கலமும் ஏறத்தாழ 33 விழுக்காட்டைத் தாண்ட முடியாது என்பது ஷாக்லியும் குவைசரும் 1961இல் வகுத்த கணக்குமுறையின் முடிவு. கண்ணுக்குரிய ஒளியை முழுதாக விட்டுக்கொடுத்தாலும் அந்த வரம்பு 20 விழுக்காடு அளவுக்குத்தான் இறங்குகிறது. கொள்கை அளவில், சாதாரணச் சன்னல் கண்ணாடியைப் போலவே தெளிந்த ஒரு கண்ணாடி இன்றைய பேனலுக்கு நிகராக மின்சாரம் தரத் தடையில்லை.

தடை பொருளில் இருக்கிறது. சிலிக்கானைப் போன்ற படிகக் குறைக்கடத்தி தன் வரம்புக்கு மேற்பட்ட ஆற்றலுள்ள எல்லாக் கதிரையும் உறிஞ்சும். நடுவில் ஒரு பட்டையை மட்டும் விட்டுவிட அதற்குத் தெரியாது. கரிமச் சேர்மங்களின் மூலக்கூறுகளுக்கு அது தெரியும். ஒரு சாயம் சில நிறங்களை உறிஞ்சிச் சிலவற்றை விடுவதால்தான் சாயமாகிறது. அகச்சிவப்பை மட்டும் உறிஞ்சும் சாயம் கண்ணுக்கு நிறமற்றுத் தெரியும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ரிச்சர்ட் லன்ட், விளாதிமிர் புலோவிச் இருவரும் 2011இல் இப்படி ஒரு கலத்தை வெளியிட்டார்கள். ஒளிவிடுகை 65 விழுக்காட்டுக்கு மேல், திறன் 1.3 விழுக்காடு. மறு ஆண்டே கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் யாங் யாங் குழுவினர் 4 விழுக்காட்டை எட்டினர். 2019க்குப் பின் வந்த புதிய கரிம மூலக்கூறுகள் அகச்சிவப்பை இன்னும் ஆழமாக உறிஞ்சுகின்றன.

இந்தக் கலங்களை ஒப்பிட, திறனை ஒளிவிடுகையால் பெருக்கி வரும் எண்ணை ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். பாதி ஒளியை விட்டு 10 விழுக்காடு திறன் தரும் கலத்துக்கு அந்த எண் 5. ஆய்வகத்தின் சிறந்த கலங்கள் இன்று நிற்பது ஏறத்தாழ அங்கேதான். நகத்தளவுக் கலத்தில் எட்டிய அளவு அது. சன்னல் அளவுக்கு விரிக்கும்போது எப்போதும் இறங்கும்.

இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவே நிற்பவை சாயமேற்றிய கலமும், பெரோவ்ஸ்கைட் என்னும் படிகப் பொருளால் ஆன கலமும். லோசான் தொழில்நுட்பக் கழகத்தில் கிரட்செலும் ஓரீகனும் 1991இல் அறிமுகப்படுத்திய சாயமேற்றிய கலம் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை எனக் கோயில் சப்பரத்துக் கண்ணாடி போல நிறம் காட்டும். அதே கழகத்தின் மாநாட்டு மண்டபம் 2014இல் திறக்கப்பட்டபோது, அதன் மேற்கு முகப்பில் 300 சதுர மீட்டருக்கு அந்தக் கண்ணாடியே பதிக்கப்பட்டிருந்தது. பெரோவ்ஸ்கைட் 2009இல் ஜப்பானில் மியாசாகா குழுவினரின் கையில் 3.8 விழுக்காட்டில் தொடங்கி, பதினைந்தே ஆண்டுகளில் 26ஐத் தாண்டியது. மெல்லிசாகப் பூசினால் செம்பழுப்பு நிறத்தில் ஒளி விடும். ஆக்ஸ்ஃபோர்டில் ஹென்றி ஸ்நெய்த் குழுவினர் 2014இல் அதைத் தொடர்ச்சியான படலமாகப் பூசாமல், கண்ணுக்குத் தெரியாத நுண்தீவுகளாகத் திரளவிட்டுச் சாம்பல் நிற ஒளியைப் பெற்றார்கள். மும்பை ஐஐடியின் தேசிய ஒளிமின்னழுத்த ஆய்வு மையமும் ஒளிபுகும் பெரோவ்ஸ்கைட் கலத்தைச் செய்கிறது. அதன் நோக்கம் சன்னல் அல்ல. சிலிக்கான் கலத்தின் மேல் அதை வைத்து, அது விட்ட அகச்சிவப்பைக் கீழுள்ள சிலிக்கான் பிடித்துக்கொள்ளும்படி செய்கிறார்கள்.

சன்னலில் விழாத வெயில்

கரிசல் வட்டாரம் ஒன்பதாவது வட அகலக்கோட்டை ஒட்டிக் கிடக்கிறது. சித்திரை பிறக்கும் நாளை ஒட்டிச் சூரியன் இங்கே நண்பகலில் நேர் உச்சியில் நிற்கும். பிறகு வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் கடைசியில், ஆவணி நடுவில், மறுபடி உச்சிக்கு வரும். இடைப்பட்ட நான்கரை மாதமும் நண்பகல் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து விழுகிறது. தெற்குச் சுவரில் அப்போது வெயிலே இல்லை. மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்தாலும், மார்கழியில்கூட நண்பகல் சூரியன் 57 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை.

செங்குத்தாக நிற்கும் சன்னலுக்கு இது எவ்வளவு பாதகம் என்பதைக் கணக்கு காட்டும். மார்ச் 21ஆம் நாள் நண்பகலில் பெர்லினில் தெற்குப் பார்த்த சன்னல், நேர்க்கதிரில் ஐந்தில் நான்கு பங்கைப் பெறும். அதே நாள் அதே நேரத்தில் புதியம்புத்தூரில் தெற்குப் பார்த்த சன்னல் பெறுவது ஆறில் ஒரு பங்கு. அதிலும் பெரும்பகுதி கண்ணாடியை உரசிக்கொண்டு விழுவதால் தெறித்துப் போய்விடும். தரையில் பட்டு எழும்பி வரும் ஒளியாவது உதவுமா என்றால், கரிசல் மண் விழுந்ததில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் திருப்பி அனுப்பும். மணல் தேரியிலோ உப்பளத்திலோ கண் கூசும் அளவுக்கு எழும்பும் வெளிச்சம் உழுத கரிசல் காட்டில் எழும்பாது.

போதாததற்குச் சன்ஷேடு. தமிழ்நாட்டில் கட்டும் வீடுகளில் சன்னலுக்கு மேல் ஒன்றரை, இரண்டடி கான்கிரீட் நீட்டாமல் விடுவதில்லை. இரண்டடி நீட்டிய சன்ஷேடு, சூரியன் 75 பாகை உயரத்தில் நிற்கும்போது ஏழடிக்கு மேல் நிழல் இறக்கும். நாலடிச் சன்னல் முழுக்க அதில் மறைந்துவிடும். மார்கழி நண்பகலிலும் மூன்றடி மறையும். மின்கலங்கள் தொடராக இணைக்கப்படுபவை. ஒரு பகுதியில் நிழல் விழுந்தால் மற்றப் பகுதியின் மின்னோட்டமும் அடங்கும். சன்ஷேடை எடுத்துவிடலாம் என்று சொல்வது எளிது. ஐப்பசி மழை அறைக்குள் வரும்.

இன்னொன்று, இங்கே சன்னல் முதலில் காற்றுக்கு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்றுக்காகத்தான் கயத்தாற்றில் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனைக் களமும் சுற்றிலும் காற்றாலைகளும் அமைந்தன. அந்தக் காற்றுக்கும், மற்ற மாதங்களில் கடலிலிருந்து வரும் காற்றுக்கும் சன்னல் கதவைத் திறந்து வைக்கிறார்கள். திறந்த கதவு சுவரோடு திரும்பி வேறு திசை பார்க்கும். கீல் வழியே போகும் கம்பி நாளும் மடங்கி நிமிர்ந்து இற்றுப்போகும். குளிரூட்டிய அறையின் அசையாத கண்ணாடிக்காக வகுத்த பொருளைத் திறந்து மூடும் சன்னலில் பொருத்துவது அந்தச் சன்னலின் வேலையையே கெடுப்பது.

விதிவிலக்கு கிழக்கும் மேற்கும். காலை எட்டு மணிக்குச் சூரியன் 30 பாகை உயரத்தில் இருக்கும்போது, கிழக்குப் பார்த்த கண்ணாடி நேர்க்கதிரில் எட்டில் ஏழு பங்கைப் பெறும். மாலை நாலு மணிக்கு மேற்குப் பார்த்த கண்ணாடிக்கும் அப்படியே. கோவில்பட்டியின் முக்கியச் சாலைகளில் கண்ணாடி முகப்போடு எழும் துணிக்கடைகளிலும் மருத்துவமனைகளிலும் மேற்குப் பார்த்தவை ஏசிக்குச் செலவழிப்பது இந்த மாலை வெயிலோடு மல்லுக்கட்டத்தான். அங்கே மின்கலக் கண்ணாடிக்கு இடம் உண்டு. 2017ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, வெப்ப மண்டல ஊர்களில் வடக்கு தவிர்ந்த சன்னல்கள் வெயிலின் வெப்பத்தில் 27 விழுக்காட்டுக்கு மேல் உள்ளே விடக்கூடாது என்கிறது; ஒளியில் 27 விழுக்காட்டுக்குக் குறையாமல் விட வேண்டும் என்றும் சொல்கிறது. இரட்டைக் கண்ணாடியின் வெளிப்புறத் தகட்டில் மின்கலம் பூசினால் இரண்டையும் எட்டலாம். இந்தத் தொகுப்பு 100 கிலோவாட் அல்லது அதற்கு மேல் இணைப்புச் சுமை உள்ள வணிகக் கட்டடங்களுக்கானது. கரிசல் ஊர்களின் பட்டறைகளும் வீடுகளும் இதற்குள் வருவதில்லை.

கண்ணாடி ஓட்டின் வாரிசு

கரிசல் ஊர்களின் பழைய வீடுகள் இந்த வடிவியலைக் கணக்குப் போடாமலே அறிந்திருந்தன. தடித்த சுவர், சின்னச் சன்னல். வெளிச்சம் வேண்டிய இடத்தில் கூரையில் ஓர் ஓட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்தார்கள். ஒரு சாண் கண்ணாடி, அடுப்படிக்கும் பட்டாசலுக்கும் பகல் முழுவதும் போதுமான வெளிச்சத்தைத் தந்தது. வெயில் மேலிருந்து விழும் ஊரில் வெளிச்சத்துக்கு வாசல் மேலேதான் இருக்க வேண்டும். ஒளிபுகு மின்கலத்துக்கும் இந்த வட்டாரத்தில் உரிய இடம் அதுவே.

இதைப் புதியம்புத்தூரில் வைத்துப் பார்க்கலாம். ஓட்டப்பிடாரம் வட்டத்திலுள்ள இந்த ஊரைத் தென்மாவட்ட ஜவுளிக்கடைக்காரர்கள் ரெடிமேட் துணிக்காக அறிவார்கள். ‘குட்டித் திருப்பூர்’ என்றே பெயர். ஊரிலும் சுற்றுப்பட்டியிலும் வீட்டுத் திண்ணையில் ஒற்றை மெஷின் முதல், தகரக் கொட்டகையில் வரிசையாகப் பவர் மெஷின், ஓவர்லாக், காஜா மெஷின் வரை ஓடுகின்றன. கொட்டகைகளில் வெளிச்சத்துக்குத் தகரத்துக்கு நடுவே ஒளிபுகும் ஃபைபர் சீட் போடுவது வழக்கம். கண்ணாடி ஓட்டின் இன்றைய வடிவம் அது. சில கோடை போனதும் மஞ்சளித்துப் பொரிந்துவிடும். வெளிச்சத்தோடு வெக்கையும் உள்ளே இறங்கும்.

தையலுக்கு மெஷினின் ஊசிமுனையில் குறைந்தது 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். வெட்டவெளியில் நண்பகல் வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். இந்த இடைவெளி பெரிது. கொட்டகைத் தரையின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் கூரையில் மின்கலக் கண்ணாடி போட்டு, அது 20 விழுக்காடு ஒளியை மட்டும் விட்டாலும், உள்ளே சராசரியாக 2,000 லக்ஸ் வரும். சுவரும் சட்டமும் அழுக்கும் பாதியை விழுங்கினாலும் 1,000 மிஞ்சும். வடக்கு ஐரோப்பாவின் மங்கிய வானத்தின் கீழ் சன்னலுக்கு 50, 60 விழுக்காடு ஒளிவிடுகை வேண்டும் என்று ஆய்வாளர்கள் அல்லாடுகிறார்கள். கரிசல் வெயிலில் 15, 20 போதும். பங்கீட்டில் மின்சாரத்தின் பக்கம் தாராளமாகச் சாயலாம். அதனால் இன்னும் பரவலாகச் சந்தைக்கு வராத தெளிந்த கலத்துக்காக இந்த ஊர் காத்திருக்க வேண்டியதில்லை. லேசரால் சுரண்டிய பழைய வகையே இங்கே வேலைக்கு ஆகும்.

இருபதுக்கு முப்பதடிக் கொட்டகை ஒன்றை எடுத்துக்கொண்டால் தரை 56 சதுர மீட்டர். வெளிச்சக் கூரைக்கு 6 சதுர மீட்டர். 20 விழுக்காடு ஒளி விடும் காட்மியம் டெல்லூரைடு கண்ணாடியின் திறன் 11, 12 விழுக்காடு. இந்த வட்டாரத்தில் தட்டையான பரப்பில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 5 முதல் 6 யூனிட் வெயில் விழுகிறது. சூடு, தூசி, இன்வெர்ட்டர் இழப்பு எல்லாம் கழித்தால் நாளுக்கு ஏறத்தாழ 3 யூனிட் மின்சாரம் மிஞ்சும். சர்வோ மோட்டார் பூட்டிய தையல் மெஷின் மூன்று, பகல் முழுவதும் ஓட அது போதும். அதே 6 சதுர மீட்டரில் சாதாரண சிலிக்கான் பேனல் போட்டால் 5 யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். ஆனால் கீழே இருட்டு. கூரையின் மற்ற 50 சதுர மீட்டரும் பேனலுக்குக் காலியாகக் கிடக்கும்போது, மின்சாரத்துக்காக மட்டும் ஒளிபுகு கலத்தை வாங்குவது வீண். அது ஃபைபர் சீட்டுக்கு மாற்று. பேனலுக்கு மாற்று அல்ல.

ஃபைபர் சீட்டோடு ஒப்பிடும்போதுதான் அதன் முழு மதிப்பும் தெரிகிறது. புது ஃபைபர் சீட் வெயிலில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடும். 6 சதுர மீட்டர் வழியே நண்பகலில் ஏறத்தாழ 5 கிலோவாட் வெப்பம், குனிந்து தைப்பவர்களின் முதுகில் இறங்குகிறது. மின்கலக் கண்ணாடி வழியே வருவது, கண்ணாடி சூடேறி உள்ளே கக்குவதையும் சேர்த்து, அதில் பாதிக்கும் குறைவு. தோராயக் கணக்கில் மூன்று கிலோவாட் வெக்கை குறைகிறது. ஒரு கிலோவாட் ஹீட்டர் மூன்றைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து வைத்ததற்கு அது சமம். சித்திரை, வைகாசியில் பகல் முழுக்கத் தகரத்தின் கீழ் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களைப் பொறுத்தவரை நாளுக்கு 3 யூனிட் மின்சாரத்தைவிட இந்தக் குறைவே பெரிது.

வெளிச்சத்தின் நிறமும் இங்கே முக்கியம். நூல்கண்டின் நிறத்தைத் துணியோடு ஒத்துப் பார்ப்பதும், ஒரே நிறத்தில் வந்த இரண்டு கட்டுத் துணிக்குள் ஷேடு மாறியிருப்பதைக் கண்டுபிடிப்பதும் கண்ணால் செய்யும் வேலை. வடிவமற்ற சிலிக்கானை மெல்லிசாகப் பூசி ஒளி விட்டால் செம்பழுப்புச் சாயல் வரும், பெரோவ்ஸ்கைட்டும் அப்படியே, சாயமேற்றிய கலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த வெளிச்சத்தில் வெள்ளை நூலும் சந்தன நூலும் ஒன்றாகிவிடும். கோடு கோடாகச் சுரண்டிய கண்ணாடியில் இந்தக் குறை இல்லை. சுரண்டிய இடத்தில் வெறும் கண்ணாடிதான் இருப்பதால் வெயில் நிறம் மாறாமல் வருகிறது. அழகுக்காக நிறக் கண்ணாடியைத் தேடும் முகப்பு வேறு, கட்டிங் மேசைக்கு மேல் வரும் கூரை வேறு.

சூடு, தூசி, உப்புத் தண்ணீர்

மின்கலங்களின் திறன் 25 பாகை செல்சியஸில் அளந்து எழுதப்படுகிறது. கரிசல் கோடையில் கூரைக் கண்ணாடி 65 பாகையைத் தொடும். படிக சிலிக்கான் ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு திறனை இழக்கும். நாற்பது பாகை ஏறினால் 12 முதல் 16 விழுக்காடு போய்விடும். காட்மியம் டெல்லூரைடு இதைவிடச் சற்றுக் குறைவாகவும், வடிவமற்ற சிலிக்கான் இன்னும் குறைவாகவும் இழக்கும். வெயில் ஏற ஏறச் சோரும் பொருளுக்கும் தாங்கி நிற்கும் பொருளுக்கும் உள்ள இந்த வேறுபாடு, தாளில் எழுதிய திறனைவிட இங்கே கூடுதலாகக் கவனிக்கத் தக்கது.

தூசியில் சன்னலுக்கு ஒரு சாதகம் உண்டு; செங்குத்துக் கண்ணாடியில் தூசி அவ்வளவாகத் தங்காது. கூரைக் கண்ணாடியில் தங்கும். மேல்காற்று வீசும் மாதங்களில் உழுத புழுதி பறந்து படியும். மழை ஆண்டு முழுவதும் கழுவிவிடும் ஊரல்ல இது. பெய்வதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். இடையில் வரும் சின்னத் தூறல் புழுதியைச் சேறாக்கி ஒட்டவைத்துவிடும். அதனால் கண்ணாடியைத் தட்டையாகப் பதிக்காமல், தெற்குப் பார்த்துப் பத்துப் பாகையாவது சாய்க்க வேண்டும். இந்த அகலக்கோட்டில் ஆண்டு முழுவதற்கும் ஏற்ற சாய்வும் ஏறத்தாழ அதுதான். கழுவும் தண்ணீரிலும் சிக்கல் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றி வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் படிவு ஏறி, நாளடைவில் துடைத்தாலும் போகாது. விடிகாலையில் ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுப்பதே பாதுகாப்பு.

கோவில்பட்டி வட்டாரத்தின் தீப்பெட்டி ஆலைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பொட்டாசியம் குளோரேட் கலந்த மருந்து புழங்கும் அறைகளின் கூரையில் மின்கலக் கண்ணாடி வைப்பது தவறு. வெயில் இருக்கும் வரை இந்தக் கண்ணாடியை அணைக்க முடியாது. சுவிட்சை இறக்கினாலும் கண்ணாடியிலிருந்து சுவிட்ச் வரையிலான கம்பியில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். தளர்ந்த இணைப்பில் நேர்மின்னோட்டப் பொறி எழுந்தால் எளிதில் அணையாது. பெட்டி மடிக்கும் கூடம், கட்டு கட்டும் கூடம் போன்ற மருந்தில்லாத இடங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கண்ணாடி எங்கிருந்து வரும்

மெல்லிய படல மின்கலத்துக்கு வேண்டிய இரண்டு அடிப்படைகளும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் 2000 முதல் மிதவைக் கண்ணாடி செய்து வருகிறது. அதற்கு அருகே பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் ஆலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. கண்ணாடியின் மேல் சில மைக்ரான் கனத்துக்குக் காட்மியம் டெல்லூரைடு பூசி, ஆண்டுக்கு 3.3 கிகாவாட் அளவுக்குப் பேனல் செய்யும் திறன் அதற்கு உண்டு. அங்கிருந்து வருபவை ஒளி விடாத பேனல்கள், பெரும் மின்நிலையங்களுக்கானவை. ஆனால் ஒளிபுகு கண்ணாடிக்கான படலமும் அதே படலம்தான். தனித்தனிக் கலங்களாகப் பிரிக்க ஆலையில் லேசரால் கோடு கிழிக்கிறார்கள். ஒளி விடுவதற்கு அந்தக் கோடுகளைக் கூட்ட வேண்டும். பொறியியலில் பெரிய தாண்டல் எதுவும் தேவையில்லை. சிறு அளவில், கேட்ட நீள அகலத்துக்குச் செய்து தர ஒரு பட்டறை வேண்டும். லட்சக்கணக்கில் ஒரே அளவில் அடிக்கும் ஆலை அதற்கு ஏற்றதல்ல.

அரசு உதவியைப் பொறுத்தவரை, 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்யா கர் திட்டம் வீடுகளுக்கானது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். கட்டடத்தோடு இணைந்த மின்கலங்களையும் அதன் நெறிமுறைகள் கூரைச் சோலார் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கின்றன. வீட்டு மின் இணைப்பிலேயே மெஷின் போட்டுத் தைப்பவர்களுக்கு இது ஒரு வழி. தனி இணைப்பு வாங்கிய கொட்டகைகளுக்கு இந்த மானியம் கிடையாது.

உடைந்த கண்ணாடி என்னவாகும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். காட்மியம் நச்சு உலோகம். டெல்லூரியத்தோடு சேர்ந்த சேர்மமாக இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும்போது தண்ணீரில் எளிதில் கரையாது. பெரோவ்ஸ்கைட்டில் உள்ள ஈயச் சேர்மம் கரையும். சதுர மீட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவுதான் என்றாலும், கூரையில் உடைந்த கண்ணாடி வழியே மழைநீர் தொட்டிக்கு அது போகக் கூடாது. ஊருணியையும் கூரைத் தண்ணீரையும் நம்பும் ஊர்களில் இது சிறிய விஷயமல்ல. 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் சோலார் பேனல்களையும் உள்ளடக்குகின்றன. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட முடியாது.

பெரோவ்ஸ்கைட்டின் எதிரிகள் ஈரமும் சூடும். எந்த மின்கலத்தையும் 85 பாகை சூட்டில், 85 விழுக்காடு ஈரப்பதத்தில் 1,000 மணி நேரம் வைத்துப் பார்ப்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட சோதனை. அதைத் தாண்டிய பிறகும் கூரையில் இருபது, இருபத்தைந்து ஆண்டு நிற்க வேண்டும். ஜப்பானின் ஃபுஜிசாவா நகரில் பேனசோனிக் நிறுவனம் 2023 ஆகஸ்டில் ஒரு மாதிரி வீட்டின் பால்கனியில் பெரோவ்ஸ்கைட் கண்ணாடியைப் பதித்து, ஓராண்டுக்கு மேல் சோதித்தது. ஒளிவிடுகை படிப்படியாக மாறும்படி அதைச் செய்திருந்தார்கள். ஃபுஜிசாவா 35ஆவது அகலக்கோட்டில் உள்ள கடலோர ஊர். அங்கே நின்ற நிலையில் பால்கனிக் கண்ணாடி தரும் அளவை ஒன்பதாவது அகலக்கோட்டுக்குப் பெயர்த்தெழுத முடியாது. இங்கே அதைக் கூரைச் சரிவில் பதித்து, ஒரு சித்திரையிலிருந்து மறு சித்திரை வரை, மேல்காற்றின் புழுதியோடும் ஐப்பசி மழையோடும் அளந்து பார்க்க வேண்டியிருக்கும்.